ஐந்து கைச் சாட்சி

"இது என் நாய் இல்ல" என்று அந்த அம்மாள் நூறாவது தடவையாகச் சொன்னபோது, நாய் அவருடைய செருப்பை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தது.

"அதுகிட்ட சொல்லிட்டீங்களா மேடம்? அதுக்கு விஷயம் தெரியாது போல" என்றாள் வாயாடி.

அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்திய கண்கள். எதிரில் இருப்பது அச்சுத்தாளா ஆளா என்றெல்லாம் பார்க்காது, முதலில் தப்பைத்தான் தேடும்.

"இந்தப் பொண்ணுக்கு வாயை எங்க வாங்குனீங்க?" என்று துருவியிடம் கேட்டார்.

"கூடவே வந்துச்சுங்க. தனியா கழட்ட வரல" என்றார் துருவி.

துருவி முன்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். எதையும் துருவித் துருவிக் கேட்டதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டபின் சொந்தமாகத் துப்பறிகிறார். வாயாடி அவருடைய உதவியாளர். அவளுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

வழக்கு இதுதான். மாடிப்படியில் விழுந்து மண்டையில் அடிபட்ட அம்மாள், ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பினார். வாசலில் வாலாட்டிய நாயைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளும் கேட்டார். சிரிப்பு நின்றுபோனது. டாக்டர் வந்தார். தலையில் அடிபட்டவர்களில் சிலருக்கு, நன்றாகத் தெரிந்த முகத்தைக்கூட 'இது வேறு ஆள், வேஷம் போட்டு வந்திருக்கிறது' என்று தோன்றுமாம். இன்று நாயைச் சொல்கிறவர் நாளை கூடவே வசிக்கும் தம்பியைச் சொல்வார், கத்தியைத் தூக்குவார் என்று தம்பி பயந்தார். பயந்ததாகச் சொன்னார். இன்று மாலை டாக்டர் கையெழுத்துப் போட்டால் அம்மாளை மனநலக் காப்பகத்துக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள். உண்மையை நிரூபிக்கச் சொல்லி அம்மாள் இரண்டு வாரத்துக்கு முன்பே துருவியை அமர்த்தியிருந்தார்.

நாய் வேறு என்றால் அம்மாள் தெளிவானவர். அதே நாய் என்றால் பைத்தியம். நடுவில் நிற்க இடமில்லை.

"மறுபடியும் கேக்கறேன், எப்படிங்க அவ்வளவு உறுதியா சொல்றீங்க? நிறம் ஒண்ணு, காது ஒண்ணு, வால் ஒண்ணு" என்றார் துருவி.

"என் நாய் பேரு ஒற்று. ரெண்டு பேர் பேசிட்டிருந்தா நடுவுல வந்து நிக்கும், ரெண்டு சொல்லுக்கு நடுவுல ஒற்று மிகுற மாதிரி. அதனால வச்ச பேரு. குரைக்கும்போது 'லொள்'னு மெய்யெழுத்துல நிறுத்தும். இந்தச் சனியன் கடைசியில ஒரு உகரம் சேக்குது."

சொல்லி வைத்தாற்போல் நாய் வாசலைப் பார்த்துக் குரைத்தது. "லொள்ளு!"

"கேட்டீங்களா?"

"குற்றியலுகரமா?" என்றார் துருவி, அக்கறையாக.

"முற்றியலுகரம்! வல்லின மெய்மேல ஏறுனாத்தான் குறுகும். பள்ளிக்கூடத்துல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"இதைப் போய் டாக்டர்கிட்டயும் சொன்னீங்களா மேடம்?" என்றாள் வாயாடி.

"சொன்னேன்."

"அதான் வண்டி வருது."

நாய் குரைத்தது தம்பியைப் பார்த்து. கையில் ஸ்கூட்டர் சாவியுடன் உள்ளே வந்தவர், துருவியைக் கண்டதும் முகத்தை உலக்கை மாதிரி வைத்துக்கொண்டார்.

"இன்னும் உங்க நாடகம் முடியலையா? சாயங்காலம் டாக்டர் வர்றார். எல்லாம் பேசியாச்சு. அருகாமையிலதான் அந்த இல்லம். தினமும் போய்ப் பாத்துக்கலாம்."

"அருகாமைன்னா அருகுல இல்லைன்னு அர்த்தம்டா" என்றார் அம்மாள். "அறியாமை, இயலாமை மாதிரி. பரவால்ல, வாய் தவறியாவது உண்மையைச் சொல்ற."

தம்பியின் கழுத்து நரம்பு புடைத்தது. சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி, "அண்ணி, காலையிலேர்ந்து ஏன் இப்படி எரிஞ்சு விழுறீங்க?" என்றாள்.

"எரியறேன்ல, அதான்" என்று அம்மாள் எழுந்து பின்கதவுப் பக்கம் நடந்தார்.

"அங்க போகாதீங்க அண்ணி! மோட்டார் ஷெட் பக்கம் ஒரே பாசி. மறுபடியும் விழுந்து வைக்காதீங்க."

இதற்குள் வாயாடி தரையில் உட்கார்ந்து நாயோடு சிநேகமாகிவிட்டாள். தலையைத் தடவினாள், ரசித்தது. முதுகைத் தடவினாள், மல்லாந்தது. பிடரித் தோலைத் தொட்டபோது மட்டும் 'கீய்ங்' என்று துள்ளி விலகியது. உள்ளே ஒரு சின்ன உருண்டை தட்டுப்பட்டது.

"பக்கத்துத் தெரு நாய் கடிச்சிருச்சு" என்றார் தம்பி. யாரும் கேட்கவே இல்லை.

*

"சார், உங்களைத் திட்டலாமா?" என்று காரில் கேட்டாள் வாயாடி.

"எப்பலேர்ந்து அனுமதி கேக்க ஆரம்பிச்சே?"

"இந்த வழக்கு நம்ம கையில வந்தன்னிக்கு என்ன செஞ்சீங்க? ஒற்றுக்குக் குட்டியில டிஸ்டெம்பர்னு ஒரு வைரஸ் நோய் வந்து, செத்துப் பிழைச்சுதுன்னு அந்த அம்மா சொன்னாங்க. அந்த வைரஸ் ஒரு தடவை வந்துட்டா ரத்தத்துல அடையாளம் நிக்கும்னு நீங்க கண்டுபிடிச்சீங்க. நல்லது. அதை நேரா தம்பிகிட்டயே போய், 'ரெண்டு வாரம் கழிச்சு ரத்தம் எடுப்போம், அடையாளம் இல்லைன்னா இது வேற நாய்'னு மைக் வச்ச மாதிரி சொன்னீங்களே, ஏன் சார்? சொல்லாம எடுத்திருந்தா கதை அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"வாய் சும்மா இருக்கல."

"அது என் டயலாக்."

துருவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கால்நடைப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஒன்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. 'சாப்பாடு வைத்தால் கை உடையும்' என்று எழுதி ஒட்டிய ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள் அந்த விஞ்ஞானி. மூன்று நாள் தூங்காத கண். வந்தவர்களைப் பார்த்ததும் நாற்காலியில் இருந்த பையைக்கூட எடுக்கவில்லை.

"நேத்து நீங்க எடுத்த ரத்தத்தோட ரிசல்ட் வந்தாச்சு. அந்த நாய் ரத்தத்துல டிஸ்டெம்பரை எதிர்க்கிற ஆன்டிபாடி இருக்கு. நிறையவே இருக்கு. கிளம்புங்க."

வாயாடி துருவியைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் அது ஒற்றுதான். அந்த அம்மாளுக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது. முற்றியலுகரம், அருகாமை எல்லாம் வெறும் வாய்.

துருவி நகரவில்லை. "ஒரு சந்தேகம். வைரஸ் உள்ள வந்தா நாய் உடம்புல என்னதான் நடக்குது?"

"இங்க என்ன டியூஷனா எடுக்கறாங்க?"

"எனக்கு மண்டை கொஞ்சம் மந்தம்."

"அதைக் கவனிச்சேன்." அவள் கையுறையை வெடுக்கென்று கழற்றினாள். கோபம் வந்தால் பாடம் நன்றாக நடத்துகிற ரகம் போலிருக்கிறது. "இந்த வைரஸ் அயோக்கியன். வந்ததும் முதல்ல கை வைக்கிறது போலீஸ்மேலயே. எதிர்த்துச் சண்டை போட வேண்டிய வெள்ளை அணு இருக்கில்ல, அது மேல ஒரு பூட்டு. அதுக்கு ஒத்த சாவி வைரஸ்கிட்ட இருக்கு. திறந்து உள்ள பூந்து, அந்த செல்லையே அச்சகமாக்கித் தன்னை ஆயிரக்கணக்குல நகலடிக்கும்."

"செல் சும்மா இருக்குமா?"

"கத்தும். இன்டர்ஃபெரான்னு ஒரு புரதத்தை வெளிய விடும். அதுதான் அதோட கூச்சல். பக்கத்து செல்லுங்களுக்கு அது கேட்டா, உடனே உள்ள இருக்கிற நகலடிக்கிற வேலையை நிறுத்திக் கதவைச் சாத்திக்கும். அது மட்டுமில்ல. மாட்டிக்கிட்ட செல், வைரஸோட துண்டு ஒண்ணை எடுத்துத் தன் தோல்மேல தூக்கிக் காட்டும். 'நான் கெட்டுட்டேன், என்னைக் கொன்னுடுங்க'ன்னு. கொலைகார செல்லுங்க வந்து அதைத் தீர்த்துக்கட்டும்."

"கத்தினா போதும், காப்பாத்த ஆள் வந்துடும். எவ்வளவு நல்ல ஊர்!" என்றாள் வாயாடி.

"இந்த வைரஸ் அந்தக் கத்தற வாயைத்தான் முதல்ல பொத்தும். அதுக்குன்னே தனியா ஒரு புரதம் வச்சிருக்கு. அதனாலதான் பாதி நாய்ங்க செத்துப்போகுது."

துருவி மெல்லத் தலையாட்டினார். "பிழைச்ச நாயை எது காப்பாத்துது?"

"ஆன்டிபாடி. வைரஸைக் கட்டிப் பிடிச்சு, பூட்டுல சாவி நுழையாம பண்றது. அதுல ரெண்டு ஜாதி முக்கியம். முதல் தடவை எதிரியைப் பாக்கும்போது உடம்பு அவசரத்துல ஒரு முரட்டு ஆளை அனுப்பும். அஞ்சு கை, நட்சத்திரம் மாதிரி. ஒத்த கைக்குப் பலம் கம்மி, ஆனா அஞ்சு கையாலயும் சேத்து அமுக்கும். இதுக்குள்ள நெறிக்கட்டுற இடத்துல பயிற்சி நடக்கும். எவன் பிடி சரியாப் பொருந்துதோ அவனை மட்டும் வச்சுக்கிட்டு மத்தவனைக் கழிச்சுக் கட்டும். அப்படித் தேறி வர்றது ரெண்டு கை ஆளு. பாக்க ஒல்லி. பிடிச்சா உடும்பு. சண்டை முடிஞ்சதும் அஞ்சு கை ஆளுங்க மறைஞ்சுடுவாங்க. ரெண்டு கை ஆளுங்க வருஷக்கணக்குல ரத்தத்துல இருப்பாங்க. அவங்களைத் தயார் பண்ற ஞாபக செல்லுங்களும் இருக்கும். அதே வைரஸ் மறுபடி வந்தா, நேரா ரெண்டு கை ஆளுங்கதான் படையா வருவாங்க."

"அஞ்சு கை?"

"பேருக்குக் கொஞ்சம் வரும். தெரிஞ்ச எதிரிக்கு எதுக்கு முரடன்?"

துருவி நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நிதானமாக உட்கார்ந்தார். "இப்ப நான் பிடிக்கச் சொன்ன ரத்தத்துல இருக்கிறது எந்த ஜாதி?"

"மொத்தமா இருக்கா இல்லையான்னுதானே கேட்டீங்க? பிரிச்சுப் பாக்கச் சொல்லலையே!"

"இப்ப சொல்றேன்."

அவள் ஏதோ முணுமுணுத்தாள். ஆசி இல்லை என்பது மட்டும் தெரிந்தது. ஆனால் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

*

மாலை. கூடத்தில் டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே காப்பக வண்டி இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. அம்மாள் வெளுத்த முகத்துடன் நாற்காலியில் விறைப்பாக இருந்தார். அவருடைய துணிப்பையைத் தம்பி மனைவி ஏற்கெனவே கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் வாயாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரிசல்ட் என்ன?" என்றார் டாக்டர்.

"டிஸ்டெம்பரை எதிர்க்கிற ஆன்டிபாடி இருக்கு" என்றாள் உடன் வந்திருந்த விஞ்ஞானி.

தம்பி கையைத் தட்டாத குறை. "கேட்டுக்கோங்க! இந்த ஆள் வாயாலயே சொன்னார், அடையாளம் இருந்தா இது ஒற்றுதான்னு. இருக்கு! எங்க அக்காவை வச்சு ரெண்டு வாரமா வேடிக்கை காட்டினது போதும். வெளிய போங்க."

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. முதல் தடவையாக அந்த முகத்தில் சந்தேகம் தெரிந்தது. தன்மேலேயே.

"போறேன்" என்று துருவி எழுந்தார். செருப்பு மாட்டப் போனவர் திரும்பினார். "டாக்டருக்காக ஒண்ணு. இந்த நாய்க்குச் சமீபத்துல டிஸ்டெம்பர் தடுப்பூசி ஏதாவது போட்டீங்களா? போட்டிருந்தா அதனாலயும் ஆன்டிபாடி வந்திருக்கலாம். அப்போ இந்த ரிசல்ட் செல்லாது."

"ஊசியா? கிடையவே கிடையாது" என்றார் தம்பி பட்டென்று.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? குட்டியில நோய் வந்து பிழைச்சதுக்கு ஊசி எதுக்கு? நாங்க ஊசி போட்டதே இல்ல. நீயே சொல்லு."

"போட்டதே இல்ல" என்றாள் மனைவி.

"நோய் ஏதாவது? ஜுரம், இருமல்?"

"குதிரை மாதிரி இருக்கு, பாத்தா தெரியல?"

"டாக்டர், கேட்டுக்கிட்டீங்களா? ஊசியும் இல்ல, நோயும் இல்ல" என்ற துருவி விஞ்ஞானியைப் பார்த்தார். "இப்ப மிச்சத்தைச் சொல்லுங்கம்மா."

"இந்த ரத்தத்துல இருக்கிறது பெரும்பாலும் முதல் சந்திப்புல வர்ற அஞ்சு கை ஜாதி" என்றாள் அவள், சுவரைப் பார்த்துச் சொல்வது போல. "ரெண்டு கை ஆன்டிபாடி இப்பத்தான் எட்டிப் பாக்குது. இந்த நாயோட உடம்பு டிஸ்டெம்பர் வைரஸை வாழ்க்கையில முதல் தடவையா சந்திச்சிருக்கு. அதுவும் போன ரெண்டு வாரத்துக்குள்ள. நோய் வரலைன்னா, ஊசி வழியா மட்டும்தான் சந்திச்சிருக்க முடியும். குட்டியில நோய் வந்து பிழைச்ச நாய்னா ஊசி போட்டாலும் ரெண்டு கை ஆளுங்கதான் படையா வந்திருப்பாங்க. இது அந்த நாய் இல்ல."

டாக்டர் பேனாவை மூடினார்.

வாயாடிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. பிடரியில் இருந்த உருண்டை. கேட்காமலே வந்த பதில். மைக் வைத்த மாதிரி சொல்லிவிட்டு வந்த துருவி.

"சார்! வேணும்னேதான் உளறினீங்களா?"

"சொல்லாம ரத்தம் எடுத்து, அடையாளம் இல்லைன்னு வந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்? பல வருஷம் ஆச்சு, அடையாளம் அழிஞ்சுபோச்சும்பார். டாக்டரும் சரிம்பார். அதனால அடையாளத்தை அவர் கையாலயே போட வச்சேன். அழிஞ்சதுக்குச் சாக்கு சொல்லலாம். புதுசா முளைச்சதுக்கு?"

"நான்... நான் ஊசி..." என்று தம்பி நாற்காலியைப் பிடித்தார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அசல் எங்க?" என்றார் துருவி. குரலில் விளையாட்டு போய்விட்டிருந்தது.

"செத்துப்போச்சு."

"எப்போ?"

"அக்காவை ஆம்புலன்ஸ்ல ஏத்தினோம்ல, அன்னிக்கே. கேட்டைச் சாத்த மறந்துட்டேன். வண்டி பின்னாடியே ஓடிச்சு. மெயின் ரோட்டுல லாரி..." தம்பி தரையைப் பார்த்துப் பேசினார். "அக்கா கண் முழிச்சதும் முதல்ல கேட்டது, ஒற்று சாப்பிட்டுதான்னுதான். அதிர்ச்சி கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாங்க. சாப்பிட்டுதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் தினமும் கேட்டா. தினமும் சொன்னேன். வீட்டுக்கு வர்ற நாள் வந்துருச்சு. ஒற்றை வாங்குன இடத்துலயே போய், அதே தாயோட அடுத்த ஈத்துல பிறந்து வளந்த ஒண்ணைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். வாசல்லயே கண்டுபிடிச்சிட்டா."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே!" என்றார் டாக்டர்.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இது தலையில அடிபட்ட கோளாறுன்னு நீங்க சொன்னீங்க. எனக்கு வசதியா இருந்துச்சு."

அக்காவின் வாய்க்குப் பயந்து சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்காக, அக்காவையே பைத்தியமாக்கி வண்டி ஏற்றத் துணிந்த அந்த ஆளை வாயாடி அப்போது முழு மனதோடு வெறுத்தாள்.

அம்மாள் எழுந்தார்.

"மேடம், ஜெயிச்சிட்டீங்க" என்று அவர் கையைப் பிடித்த வாயாடி, அவர் முகத்தைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டாள். ஜெயித்தால் என்ன ஆகும் என்று இந்த இரண்டு வாரமும் அவள் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. இது ஒற்று இல்லை என்றால் ஒற்று எங்கே என்று தோன்றவே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மெதுவாக.

"வாசல்ல இதைப் பாத்த நிமிஷமே தெரியும். உயிரோட இருந்தா வேற நாயை எதுக்குக் கொண்டுவந்து நிறுத்தப்போறான்?" அம்மாள் வாசலைப் பார்த்தார். "அது செத்துப்போச்சுன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும். நான் பைத்தியம்னா அது உயிரோட இருக்கு. உயிரோட இருக்கிறதுக்கு எப்படிம்மா அழறது?"

தம்பி பக்கம் திரும்பினார். "எங்கடா புதைச்ச?"

"மோட்டார் ஷெட் பக்கத்துல."

"பாசி" என்றார் அம்மாள், தம்பி மனைவியைப் பார்த்து. அந்த ஒரு சொல்லுக்கு அவள் தலை கவிழ்ந்தது. "வண்டியை அனுப்பிடு. கட்டின பையை அவிழ்க்காத. அதே பையில உங்க துணியைப் போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் கிளம்புங்க."

பின்கதவைத் திறந்துகொண்டு போனார். பாசி ஒன்றும் இல்லை. ஷெட்டின் ஓரத்தில் மண் மட்டும் கொஞ்சம் மேடாக இருந்தது. அம்மாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் திட்டித் தீர்த்தவர், வாய்விட்டு அழுதார்.

துருவியும் வாயாடியும் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். அந்தப் பெயரில்லாத நாய் மட்டும் அவர்கள் காலைத் தாண்டிப் போய், அம்மாளுக்கு ஓரடி தள்ளி நின்றது. மண்ணை மோந்து பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி ஒரு தடவை குரைத்தது.

"லொள்ளு!"

வாயாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அம்மாள் திருத்தவில்லை.